எச்சரிக்கை: பல் தேய்ந்த எருமைக் கடாவை இளங்கடா என்று தலையில் கட்டுகிறார்கள்

புரட்டாசி, ஐப்பசியில் எருமைகள் வரிசையாகப் பருவத்துக்கு வரும். கடா தேடி அலைகிற அந்த நேரம் பார்த்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. பாலக்கோடு பக்கம் பத்து எருமை உள்ள ஒரு பட்டிக்கு, "ஆறு பல் முர்ரா, நாலரை வயசு" என்று ஒரு முர்ரா இனக் கடாவை விற்றுவிட்டுப் போனார் ஒரு தரகர். தை முடிவதற்குள் எட்டு எருமைகளை மூன்று முறை கடாவோடு விட்டாயிற்று, ஒன்றுகூட சினை நிற்கவில்லை. மாட்டு டாக்டர் வாயைத் திறந்து பார்த்தபோது அது கடை சேர்ந்து, அதாவது எட்டு நிலைப்பல்லும் முளைத்து, பல வருஷமான கிழட்டுக் கடா. பணம் கேட்டதற்கு, "பாத்துத்தானே புடிச்சீங்க" என்று பதில் வந்தது.

கடாவுக்குக் கொடுத்த காசு போனது சின்ன விஷயம். மாசி தாண்டிவிட்டால் வெயிலில் எருமைக்கு ஊமைப் பருவம்தான், கத்தாது, பருவத்தில் அறையிலிருந்து ஒழுகும் வழும்பும் சரியாகத் தெரியாது. அடுத்த புரட்டாசிவரை சும்மா தீவனம் போட வேண்டும். அதன்பின் சினை நின்றாலும் ஈனுவதற்கு ஏறக்குறைய 310 நாள்.

சந்தையில் பல் பார்க்கும்போது உதட்டை லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டு மூடிவிடுவார்கள். விடாதீர்கள். கீழ்த்தாடையில் மட்டும்தான் முன்பல் எட்டு இருக்கும். எருமைக்கு முதல் ஜோடி நிலைப்பல் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று வயதில் வரும். பிறகு வருஷத்துக்கு ஒரு ஜோடி என்று வைத்துக்கொள்ளலாம், ஐந்து ஆறு வயதில் கடை சேரும். இளம் நிலைப்பல் அகலமாக, விளிம்பு கூராக, ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். கிழட்டுப் பல்லின் மேற்பரப்பு தட்டையாகத் தேய்ந்திருக்கும், பல்லுக்குப் பல் இடைவெளி விழுந்து ஈறுக்கு மேல் பல்லின் கழுத்து தெரியும். அரம் போட்டு விளிம்பைச் சரிசெய்யலாம். அந்த இடைவெளியை அடைக்க முடியாது. கொம்பைச் சுரண்டி எண்ணெய் பூசியிருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். கடாவின் கொம்பை வைத்து வயது சொல்கிறவர் பேச்சைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. பால் பல் விழாத கடாவைத் தவிடும் புண்ணாக்கும் போட்டுக் கொழுக்கவைத்து "மூணு வயசு" என்பார்கள். ஏறுவதில் குறையிருக்காது, விந்தில் சத்து இருக்காது. மூன்று வயதுக் கடாவானாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறைக்குமேல் விடக்கூடாது. ஊரே வரிசையில் நின்று விட்டால் நல்ல கடாவும் வெறுங்கடாதான். மூன்றிலிருந்து ஆறு ஏழு வயதுவரை நல்ல காலம் என்று கொள்ளுங்கள்.

பல்லுக்கு அடுத்தது விரை. இரண்டும் ஒரே அளவாக, பைக்குள் தாராளமாக நகர வேண்டும். ஒரு பக்கம் வீங்கிச் சூடாகவோ, கல் மாதிரியோ இருந்தால் கயிற்றை அவிழ்த்து விற்கிறவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா கிருமிக்கான இரத்தப் பரிசோதனை இல்லாமல் எந்தக் கடாவையும் பட்டிக்குள் விடக்கூடாது. அது மனிதருக்கும் தொற்றும்.

பிறகு, பருவத்தில் இருக்கிற எருமையோடு காலையில் விட்டுப் பாருங்கள். உச்சி வெயிலில் நல்ல கடாவும் மசமசவென்று நிற்கும். குளிர்ந்த நேரத்திலும் மோந்து பார்த்து, மேலுதட்டைச் சுருட்டி, அப்படியே நின்றால், அல்லது ஏறியும் குத்தாமல் சரிந்து இறங்கினால், பின்னங்கால் மூட்டைப் பாருங்கள். வயதான கடாவுக்கு அங்கேதான் வலி. "நடந்து வந்த களைப்பு" என்று விற்கிறவர் சொல்வார். மறுநாள் காலை வரை பொறுத்து மறுபடி விட்டுப் பார்க்கலாம்.

வாங்கியபின் ஒவ்வொரு எருமைக்கும் விட்ட தேதியைச் சுவரிலாவது எழுதிவையுங்கள். எல்லாம் 21 நாளில் மறுபடி பருவத்துக்குத் திரும்பினால் கரு கூடவே இல்லை: கடாவின் விந்து அல்லது விட்ட நேரம் தப்பு. 35, 40, 50 நாள் என்று தாறுமாறாகத் திரும்பினால் கரு கூடி அழிகிறது, தொற்று இருக்கலாம். கடாவைத் தனியே கட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். கோமாரியோ கடும் காய்ச்சலோ வந்து தேறிய கடாவுக்கு விந்து பழையபடி ஆவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதமாகும். அதைக் கிழடு என்று தள்ளிவிட வேண்டாம்.

போச்சம்பள்ளி சந்தை ஆனாலும் குந்தாரப்பள்ளி சந்தை ஆனாலும் முழுப் பணத்தையும் அன்றே எண்ணிக் கொடுக்காதீர்கள். ஒரு பங்கை நிறுத்திவைத்து, விட்ட 60 முதல் 90 நாளில் சினை பார்த்தபின் தருவதாகச் சாட்சியோடு எழுதிக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்காமல் எருமைகளுக்குச் சினை ஊசியே (செயற்கைக் கருவூட்டல்) போட்டுக்கொள்ளலாம்.

"இது போட்ட கன்னு அந்த ஊர்ல நெறைய இருக்கு" என்றால் நேரில் போய்ப் பாருங்கள். கன்று பிறந்த தேதியிலிருந்து ஏறக்குறைய 310 நாளைப் பின்னால் எண்ணுங்கள். அந்த நாளையொட்டிக் கடா அந்த ஊரிலேயே இல்லை என்றால், காட்டியது வேறு கடாவின் கன்று.