மாருதி 800 லோயர் ஆர்ம் புஷ்: திட்ட உட்கார்ந்தவள் எழுதுவது

இந்தப் புஷ்ஷுக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டுக் கன்னாபின்னாவென்று எழுத வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்ல வேளை, அன்று எழுதவில்லை. (லோயர் ஆர்ம் என்பது முன் சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கை. உடலோடு சேரும் முனையில், நடுவில் இரும்புக் குழாய் வைத்த ரப்பர் உருளைதான் புஷ். அந்தக் குழாய் வழியாகத்தான் போல்ட் போகும்.)

வண்டி அப்பாவுடைய 2006 மாடல் மாருதி 800. இந்த மாடலின் உற்பத்தி 2014 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. ஆனாலும் சென்னை ஜி.பி. ரோட்டில் சாமானுக்குப் பஞ்சமில்லை. ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது இடது பக்கம் 'டொக்' என்றது. பிரேக் மிதித்தால் இன்னொரு 'டொக்'. மெக்கானிக் இரண்டு பக்கமும் லோயர் ஆர்மையே மாற்றச் சொன்னார். ஆர்மின் சக்கரப் பக்கத்து மூட்டான பால் ஜாயிண்டை ஆட்டிப் பார்த்தேன், லூஸ் இல்லை. புஷ் மட்டும்தான் வெடித்திருந்தது. அதற்காக முழு ஆர்ம் எதற்கு? இரண்டு புஷ், 240 ரூபாய்க்கு வாங்கி வந்து நானே மாற்றினேன்.

எட்டே மாதத்தில் அதே 'டொக்'.

கழற்றிப் பார்த்தால் ரப்பர் உள் குழாயைச் சுற்றிக் கிழிந்திருந்தது. மட்டமான சரக்கு என்று முடிவு கட்டிவிட்டேன். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புஷ்ஷை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "ஏம்மா, அந்த போல்ட்டை எப்ப முடுக்கின? சக்கரம் தொங்கும்போதா, வண்டி கீழே இறங்கின அப்புறமா?"

தொங்கும்போதுதான். அப்போதுதானே ஸ்பேனர் வசதியாகப் போகிறது!

இந்தப் புஷ் பேரிங் மாதிரி சுற்றுவதில்லை. போல்ட் இறுகியதும் உள் குழாய் அசையாது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது. சக்கரம் தொங்கும்போது ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்த நிலையில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய துணிபோல இருக்கும். பள்ளத்தில் விழும்போது இன்னும் முறுக்கிக் கிழிகிறது. எட்டு மாதம் தாங்கியதே பெரிது.

அதனால் அதே கடையில் அதே புஷ்ஷை மறுபடி வாங்கினேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

ஆர்மைக் கழற்றுவது பெரிய வித்தை இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள். ஆர்மோடு சேரும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பியின் முனை நட்டில், அது கழலாமல் இருக்கச் செருகும் ஸ்பிளிட் பின்னைப் பழையதையே திரும்பப் போடாதீர்கள். பழைய புஷ்ஷை எடுப்பதுதான் வேலை. சிலர் ரப்பரைக் கொளுத்தி எடுக்கிறார்கள். அபார்ட்மெண்டில் அதைச் செய்தால் செக்ரட்டரி வந்துவிடுவார். நான் வெளியே துருத்தும் ரப்பர் விளிம்பை பிளேடால் சீவிவிட்டு, ஒரு பக்கம் சாக்கெட், மறுபக்கம் அகலமான பைப் துண்டு வைத்து வைஸில் (திருகி இறுக்கும் பிடியில்) நெரித்தேன். மெதுவாக வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

புதியதை ஏற்றச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊறிப்போகும். இரண்டு பக்கமும் ஒரே அளவு துருத்தி நிற்கும்வரை அழுத்த வேண்டும். இந்தப் புஷ்ஷில் எனக்குப் பிடித்தது அந்த ரப்பரின் இறுக்கம். வைஸ் கைப்பிடியில் அது தெரியும். சோப்பு போட்டும் லேசில் உள்ளே போகவில்லை.

போல்ட்டை மாட்டி, விழாத அளவுக்கு மட்டும் முடுக்கிவிட்டு வண்டியை இறக்கினேன். 800-க்கு அடியில் கை போகாது. தடிமனான மரப்பலகைகளின் மேல் முன் சக்கரங்களை ஏற்றி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தேன். (செங்கல் வேண்டவே வேண்டாம், நொறுங்கும்.) வண்டியை முன்னால் நின்று நாலு அழுத்து அழுத்திவிட்டு, அப்புறம் படுத்துக்கொண்டு முழுசாக முடுக்கினேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வீல் அலைன்மெண்ட், 350 ரூபாய்.

பதினாலு மாதம் ஆகிறது. நடுவில் ஒரு மழைக்காலம், வேளச்சேரிப் பள்ளங்கள், இரண்டு முறை திண்டிவனம். சத்தம் இல்லை. போன வாரம் டார்ச் அடித்துப் பார்த்தேன், ரப்பரில் கீறல்கூட இல்லை.

ஐந்துக்கு நான்கு ஸ்டார். ஒன்றைக் குறைத்தது எதற்கென்றால், இரண்டில் ஒரு புஷ்ஷின் உள் குழாயில் ரப்பர் பிசிறு ஒட்டியிருந்து போல்ட் நுழையவே இல்லை. வட்ட அரத்தால் கால் மணி நேரம் தேய்த்தேன். கடையிலேயே போல்ட்டை விட்டுப் பார்த்து வாங்குங்கள்.