போர்ட் விளக்குக்கு வண்ணம்: ஸ்கிரிப்ட்டா, கன்ட்ரோலரா?

யூனிஃபை ப்ரோ மேக்ஸ் 16 ஸ்விட்ச்சை (கருவிகளை நெட்வொர்க் கேபிளால் இணைக்கும் பெட்டி) நான் வாங்கியதற்கு முக்கால் காரணம் அதன் விளக்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஈதர்லைட்டிங் என்று பெயர். போர்ட்டுக்குள்ளேயே பலவண்ண எல்இடி இருக்கிறது. முனை கண்ணாடி மாதிரி இருக்கும் கேபிளைச் செருகினால் பிளக்கே ஒளிரும்.

ஸ்விட்ச்சை நிர்வகிக்கும் யூனிஃபை மென்பொருளான கன்ட்ரோலரில் இதற்கு இரண்டு முறைகள்: வேகத்துக்கு ஒரு நிறம், அல்லது விலேனுக்கு (VLAN, ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் பகுதி) ஒரு நிறம். எனக்கு அது போதவில்லை. ஸ்விட்ச்சுக்குள் ஓடுவது லினக்ஸ்தானே. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) வழியாக நுழைந்து, ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி நிறம் எழுதும் ஸ்கிரிப்ட் ஒன்றை ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் போட்டேன். கேமராவுக்கு ஊதா, டிவிக்கு ஆரஞ்சு. பார்க்க அருமையாக இருந்தது.

அப்புறம் ஒருநாள் கரண்ட் போய் வந்தது. பை சீக்கிரம் எழுந்து ஸ்கிரிப்ட்டை ஓட்டிவிட்டது, ஸ்விட்ச் அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்தது. கட்டளை போய்ச் சேரவில்லை, நிறமும் வரவில்லை. சரி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடட்டும் என்று கிரானில் (குறித்த நேரத்தில் தானே கட்டளையை ஓட்டும் வசதி) போட்டேன். ஸ்விட்ச் ரீபூட் ஆனால் இப்படி எழுதியது நிற்காது, வேறு வழியில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை மாற்றியது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமரா கேபிளை 5-ஆம் போர்ட்டிலிருந்து 9-க்கு மாற்றினேன், ஸ்கிரிப்ட்டைத் தொட மறந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து கேமரா படம் வரவில்லை என்று போய் நின்றால், ஊதா எரிவது 5-இல். அதில் இருந்ததோ பிரிண்டர். நல்ல கேபிளைப் பிடுங்கி, வேறு கேபிள் போட்டு, அரை மணி நேரம் வீண். தப்பு என்னுடையதுதான். ஆனால் கேபிள் மாறும்போதெல்லாம் ஃபைலையும் திருத்த வேண்டும் என்றால், என்றாவது மறக்கத்தான் செய்வோம். கன்ட்ரோலரில் விலேன்படி நிறம் வைத்தால் போர்ட்டின் விலேனை மாற்றியதுமே நிறமும் கூடவே மாறுகிறது. விலேனை மாற்றாமல் கேபிளை மட்டும் மாற்றினாலும், தப்பான போர்ட்டில் செருகியிருக்கிறோம் என்று நிறமே காட்டிக்கொடுக்கும். தனியாகப் பராமரிக்க ஒன்றும் இல்லை.

ஸைக்செல் ஜிஎஸ்1900 மாதிரி ஸ்விட்ச்சில் அதன் சொந்த மென்பொருளை எடுத்துவிட்டு ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருளைப் போடுவது மூன்றாவது வழி. அதை ஒரு வாரம்தான் பார்த்தேன். சிஸ்டம் விளக்கு நம் சொல் கேட்டது. ஆனால் போர்ட் விளக்குகளை ஸ்விட்ச் சிப்பே நேராக இயக்குகிறது. வண்ணத்துக்காக அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இப்போது விலேன் முறையில்தான் ஓடுகிறது. கிரானில் அந்த வரியை மட்டும் அழிக்காமல், ஓடாதபடி கமெண்ட் ஆக்கி வைத்திருக்கிறேன், தீபாவளிக்கு ஒருநாள் ஓட்டிப் பார்க்க.