மாலை வகுப்பா, தொலைநிலையா, இணையமா, உறைவிடமா: வயது வந்தோருக்கான பள்ளிகள், ஓர் ஒப்பீடு

வேலையையும் குடும்பத்தையும் கவனித்துக்கொண்டே மீண்டும் படிக்க விரும்புகிறவர்கள் பாடத்திட்டத்தையும் கட்டணத்தையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அவை தேவையான விசாரணைகளே. ஆனால் படிப்பைப் பாதியில் விட்டவர்களைக் கேட்டால், பாடம் புரியவில்லை என்பதைவிட, இரண்டு வாரம் போக முடியவில்லை, அதன்பின் திரும்பிப் போகக் கூச்சமாக இருந்தது என்ற பதிலே அதிகம் வரும். ஆகவே நான் ஒவ்வொரு வகைப் பள்ளியையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுவேன்: நான் வராமல் போனால் அங்கே யாருக்காவது தெரியுமா?

மாலை நேரப் பள்ளியில் தெரியும். இருக்கை காலியாக இருப்பதை ஆசிரியர் பார்க்கிறார், பக்கத்தில் அமர்பவர் மறுநாள் விசாரிக்கிறார். பகல் முழுதும் உழைத்துவிட்டு வந்தவர்கள் ஒரே அறையில் அமர்வதால், களைப்பைக் குறித்து யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அதன் நேரம் வளையாது. முறைமாற்று வேலையில் இருப்பவருக்கு ஒரு வாரம் பொருந்தும் அட்டவணை அடுத்த வாரம் பொருந்தாது. தவறவிட்ட வகுப்பும் காத்திருக்காது. தவறிய பாடத்தை ஈடுசெய்ய என்ன வழி என்பதைச் சேரும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

தொலைநிலைக் கல்வி இந்த இறுக்கத்திலிருந்து விடுவிக்கிறது. ஐசக் பிட்மன் 1840களில் சுருக்கெழுத்தை அஞ்சல் வழியாகக் கற்பித்தபோது, மாணவர் எழுதி அனுப்பியதைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். இந்த முறையின் உயிர் அந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது. 1858இல் லண்டன் பல்கலைக்கழகம் எங்கிருப்பவரும் தன் பட்டத் தேர்வுகளை எழுதலாம் என்று வழிதிறந்தது. ஆனால் கற்பிக்கும் பொறுப்பை அது ஏற்கவில்லை, படிப்பது மாணவரின் தனிப்பாடாகவே இருந்தது. 1969இல் நிறுவப்பட்டு 1971இல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முன்தகுதி கேட்காமல் சேர்த்ததற்காகப் பெயர் பெற்றது என்றாலும், அதைவிடப் பெரிய செயலாக எனக்குப் படுவது, அச்சுப் பாடங்களுக்கும் வானொலி, தொலைக்காட்சி ஒளிபரப்புகளுக்கும் துணையாக, ஒப்படைப்புகளைத் திருத்திக் கருத்து எழுதும் பயிற்றுநர்களை அது அமர்த்தியதுதான். இன்றும் தொலைநிலைப் படிப்புகளைத் தரம்பிரிக்க இதுவே போதும். ஒப்படைப்பில் மதிப்பெண் மட்டும் போடப்படுகிறதா, பிழைக்குப் பக்கத்தில் ஒரு வரியாவது எழுதப்படுகிறதா, அது எத்தனை நாளில் கைக்குத் திரும்பி வருகிறது என்று பழைய மாணவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். புத்தகக் கட்டை அனுப்பிவிட்டுத் தேர்வு நாளில் மட்டும் நினைவுகூரும் நிறுவனம் பள்ளி அல்ல, தேர்வு மையம்.

இணையவழிப் படிப்பு என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. குறித்த நேரத்தில் நேரலையாக நடப்பது, பயணம் மட்டும் கழிக்கப்பட்ட மாலைப் பள்ளி. பதிவுசெய்த காணொளிகளை நினைத்தபோது பார்ப்பது வேறு. கோர்செரா, எட்எக்ஸ் போன்ற தளங்கள் 2012இல் தொடங்கியதிலிருந்து இவற்றில் பதிவுசெய்தவர்களில் முடிப்பவர்கள் சிறு பங்கினரே. (முடிக்கும் எண்ணமே இல்லாமல் எட்டிப் பார்ப்பவர்களும் அந்தக் கணக்கில் உண்டு என்பதால், முழுப் பழியையும் பாடத்தின் மேல் போடுவது நியாயமல்ல.) ஒரு துறை தமக்கு ஒத்துவருமா என்று பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது, ஆனால் நீங்கள் நின்றுவிட்டால் வருவது தானியங்கி மின்னஞ்சல் ஒன்றுதான்.

உறைவிடப் பள்ளியை ஒரு சிலர்தான் எண்ணிப் பார்க்க முடியும். டென்மார்க்கின் சமயப் போதகரும் கல்விச் சிந்தனையாளருமான குருண்ட்விக்கின் சிந்தனையிலிருந்து 1844இல் அந்நாட்டின் ரோடிங்கில் பிறந்த மக்கள் உயர்பள்ளியில் ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்கிறார்கள்; தேர்வும் பட்டமும் இல்லை. சுவீடனில் உள்ள அதே மரபுப் பள்ளிகளோ, உயர்கல்விக்குத் தகுதி தரும் பொதுப் படிப்பையும் நடத்துகின்றன. வேலை மாறும் இடைவெளியில் இருப்பவருக்கு இது அரிய வாய்ப்பு. சான்றிதழ் கேட்கும் பணிக்கு விண்ணப்பிக்க இருப்பவர் அது கிடைக்குமா என்று உறுதிசெய்த பின்பே போகவேண்டும்.

சான்றிதழ் என்றதும் ஒரு எச்சரிக்கை: அது செல்லுமா என்பதைப் படிப்பை நடத்துகிற நிறுவனத்திடம் கேட்காமல், அதை ஏற்கப்போகிற பல்கலைக்கழகத்திடமோ வேலை தருபவரிடமோ கேட்கவேண்டும்.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு புத்தகத்தைத் தொடுகிறவர் என்றால், ஒரே ஒரு பாடத்துக்காவது மாலைப் பள்ளியில் தொடங்கி, உட்கார்ந்து படிக்கும் பழக்கம் திரும்பிய பின் தொலைநிலைக்கு மாறும்படியே நான் சொல்வேன். அண்மைவரை படித்துக்கொண்டிருந்தவருக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. மாலைப் பள்ளியானாலும் நேரலை வகுப்பானாலும், பணம் கட்டுமுன் ஒரு வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அரைமணி நேரம் தாமதமாக ஒருவர் வேலையிலிருந்து ஓடிவரும்போது, ஆசிரியர் அவரை எப்படிப் பார்க்கிறார் என்பதைக் கவனியுங்கள்.