ஆவுல்-எஸ் 1.1: வலைச் சேவைகளின் பொருளை எழுதும் மொழி குறித்து ஒரு மதிப்புரை

நிரல்கள் இணையம் வழியே பயன்படுத்தும் வலைச் சேவை ஒன்றை அழைப்பதற்கு வேண்டிய முகவரி, செயலின் பெயர், தரவு வகை ஆகியவற்றை 2001-இல் வெளியான டபிள்யூஎஸ்டிஎல் 1.1 என்ற விவரிப்பு மொழியில் எழுதிய ஆவணம் தெளிவாகவே சொல்லிவிடுகிறது. ஆனால் இரண்டு ஊர்ப் பெயர்களை எழுத்துச் சரங்களாக வாங்கி ஓர் எண்ணைத் தரும் சேவை, விமானக் கட்டணத்தைத் தருகிறதா தொலைவைத் தருகிறதா என்பதை அந்த ஆவணத்தைக் கொண்டு ஒரு நிரல் அறிய முடியாது. படிக்கும் மனிதர்தான் ஊகிக்க வேண்டும். சேவைகளை நிரலே தேடி, தேர்ந்து, ஒன்றோடொன்று இணைத்து இயக்கும்படி அவற்றின் பொருளை முறைப்படி எழுதுவதற்காக உருவானது, கருத்துகளின் வகைப்பாட்டு உறவுகளை எழுதும் ஆவுல் மொழியின் மேல் கட்டப்பட்ட ஆவுல்-எஸ். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பாவின் நிதியுதவியில் டாம்ல்-எஸ் என்ற பெயரில் தொடங்கிய இம்மொழி, 2004 நவம்பரில், வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பிடம் உறுப்பினர் சமர்ப்பிப்பாக அளிக்கப்பட்டது. அது அந்த அமைப்பின் பரிந்துரையாக, அதாவது ஏற்கப்பட்ட தரநிலையாக, ஆகவே இல்லை என்பதைப் பயன்படுத்த நினைப்பவர் முதலிலேயே அறிந்திருப்பது நல்லது.

ஒரு சேவை என்ன செய்கிறது என்பதை அதன் அறிமுகப் பகுதியும், எப்படிச் செய்கிறது என்பதைச் செயல்முறைப் பகுதியும், எந்தச் செய்தி வடிவில் அதை அழைப்பது என்பதை இணைப்புப் பகுதியும் சொல்கின்றன. இந்தப் பிரிவினை மிக நேர்த்தியானது. மொழியுடன் தரப்பட்ட பிராவோ ஏர் என்ற கற்பனை விமான நிறுவனத்தின் எடுத்துக்காட்டில், பயண விவரம் பெறுதல், விமானத்தைத் தேர்ந்தெடுத்தல், பதிவு செய்தல் என்பவை வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால், பல அழைப்புகளாகச் சிதறிக் கிடக்கும் ஒரு வேலையை முழுமையாக எழுதிவிட முடியும் என்பது விளங்கும்.

தேடலில் இதன் பயன் உண்மையானது. மகிழுந்து விலையைக் கேட்பவருக்கு, வாகன விலை தருவதாக அறிவித்துள்ள சேவையை, மகிழுந்து என்பது வாகனத்தின் உட்பிரிவு என்ற உறவைக் கொண்டு நிரல் எடுத்துக் கொடுக்கும். குறிச்சொல் தேடல் இதைத் தவறவிட்டிருக்கும்.

எனினும், பொருள் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் இம்மொழி தளர்ந்துவிடுகிறது. பயணச்சீட்டை உறுதிசெய்யும் சேவையும் ரத்துசெய்யும் சேவையும் ஒரே பதிவெண்ணை வாங்கி, ஒரே வகை ஒப்புகையைத் திருப்பித் தரலாம். உள்ளீடும் வெளியீடும் ஒன்றாக இருக்க, விளைவு மட்டும் நேரெதிரானது. அந்த விளைவையும், கணக்கில் போதிய பணம் இருக்க வேண்டும் என்பது போன்ற முன்நிபந்தனையையும் மாறிகளோடு எழுத ஆவுல் மொழிக்கு ஆற்றல் போதாது. ஆகவே விதிகளையும் தர்க்கத்தையும் எழுத உதவும் ஸ்வ்ரல், கிஃப் போன்ற வேறு மொழிகளில் எழுதி, அவற்றை வெறும் எழுத்துச் சரமாகவோ எக்ஸ்எம்எல் துண்டாகவோ உள்ளே வைக்கிறார்கள். வகைப்பாட்டு உறவுகளைத் திறம்பட அலசும் ஆவுல் பகுத்தறி நிரல் அவற்றுக்குள் நுழைவதே இல்லை. சேவை வகை என்ற புலத்தில் வேறுபாட்டைக் குறிக்கலாம்தான். ஆனால் அது பெயர்ப்பலகை, விளைவின் வரையறை அன்று.

எழுதும் உழைப்பும் சிறிதன்று. ஒரே ஒரு செயலைக் கொண்ட எளிய சேவைக்கும் மேற்சொன்ன பகுதிகள் அனைத்தையும் எழுத வேண்டும். தரவு வடிவங்கள் பொருந்தாதபோது, எக்ஸ்எம்எல் தரவை வடிவம் மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி மொழியில் மாற்றங்களையும் சேர்க்க வேண்டும். இவ்வளவு உழைப்பும் சேவை வழங்குபவருடையது, பலனோ தேடுபவருக்கு. ஐபிஎம், மைக்ரோசாப்ட், எஸ்ஏபி ஆகியவை நடத்திய, சேவைகளைப் பதிந்து தேடுவதற்கான யூடிடிஐ பொதுப் பதிவேடும் 2006-இல் மூடப்பட்டபின், அந்த உழைப்பை மேற்கொள்ள வழங்குபவருக்கு இருந்த காரணம் மேலும் குறைந்துபோனது.

2007 ஆகஸ்டில் டபிள்யூ3சி பரிந்துரையாகவே வந்த எஸ்ஏ-டபிள்யூஎஸ்டிஎல் என்ற மாற்று வழி, இருக்கும் டபிள்யூஎஸ்டிஎல் ஆவணத்தில் மூன்றே பண்புகளைச் சேர்த்து அதை ஆன்டாலஜியோடு, அதாவது கருத்துகளையும் அவற்றின் உறவுகளையும் வரையறுக்கும் தொகுப்போடு, இணைக்கிறது. ஒரு பிற்பகலில் கற்றுவிடலாம் என்பது அதன் பெருமை. முன்நிபந்தனை, விளைவு இரண்டுக்கும் அது தனி இடம் ஒதுக்கவில்லை என்பது அதன் குறை. கைவசம் டபிள்யூஎஸ்டிஎல் ஆவணங்கள் நிறைய வைத்திருப்பவருக்கு அதையே பரிந்துரைப்பேன். புதிதாகத் தொடங்கும் பணிக்கு ஆவுல்-எஸ்ஸைத் தேர்ந்தெடுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் தானியங்கி முகவர்களுக்கான இடைமுகம் வடிவமைப்பவர்கள், வலை இடைமுகங்களை விவரிக்க இன்று பயன்படும் ஓப்பன்ஏபிஐ விவரிப்புகளில் செயலின் விளைவு பெரும்பாலும் உரைநடைக் குறிப்பாகவே விடப்படுவதை நினைவில் கொண்டு, விளைவுக்குத் தனி இடம் தரும் ஆவுல்-எஸ்ஸின் செயல்முறைப் பகுதியை மட்டுமாவது ஊன்றிப் படிக்க வேண்டும்.