கொம்பனி பில்ரரா, மாற்று பில்ரரா, கழுவிப் போடுவதா?

வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும் எயார் பியூரிபையரில் பில்ரர் மாற்றச் சொல்லி விளக்கு எரிந்தால் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. கொழும்பு முகவரிடம் சொல்லி அதே கொம்பனியின் பில்ரரை எடுப்பிக்கலாம். அந்த மொடலுக்குப் பொருந்தும், வேறு கொம்பனி செய்த மாற்று பில்ரரை இணையத்தில் வாங்கலாம். அல்லது பழையதையே கழுவி, வெயிலில் காயவிட்டுத் திரும்பவும் போடலாம். செலவில்லாதது என்பதால் மூன்றாவதில்தான் மனம் முதலில் போகும். அதையே முதலில் பார்ப்போம்.

கழுவக்கூடியது வெளியே இருக்கும் வலை மட்டும்தான். சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் புழுதியும் தலைமயிரும் பஞ்சும் அதிலேதான் படியும். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் அதைக் கழற்றித் தட்டி, கழுவி, ஈரம் இல்லாமல் உலர்த்திப் போட்டால் உள்ளே இருக்கும் பில்ரர் நீண்டநாள் உழைக்கும். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் ஹெபா (HEPA), அதாவது நுண்துகள்களைப் பிடிக்கும் பில்ரர், அப்படியல்ல. அது சல்லடை போல ஓட்டையின் அளவை வைத்து மட்டும் தூசைப் பிடிப்பதில்லை. பல பில்ரர்களில் இழைகளுக்கு மின்னேற்றம் கொடுத்திருப்பார்கள்; புகையின் நுண்துகள்களை இழுத்துப் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீரும் சவர்க்காரமும் பட்டால் அந்தப் பிடிப்புப் போய்விடும், இழைகளும் குலையும். காய்ந்தபின் பார்த்தால் புதிது போலத்தான் தெரியும், காற்றும் தாராளமாக வரும். நுண்துகளும் கூடவே வரும். கழுவலாம் என்று கையேட்டிலேயே எழுதியிருந்தால் சரி. இல்லாவிட்டால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

அப்புறம் உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். மாற்று பில்ரரின் பலம் விலை. நல்ல தயாரிப்பாக இருந்தால் துகள் பிடிப்பதில் கொம்பனியுடையதுக்குக் கிட்டவே வந்துவிடும். ஹெபா பில்ரர்களுக்கான எச்13 (H13) தரம் என்றால், பிடிக்க மிகக் கடினமான அளவுத் துகள்களிலும் 99.95 சதவீதத்தைப் பிடிக்கவேண்டும். 'ஹெபா வகை' என்று மட்டும் போட்டிருந்தால் அது எந்தத் தரத்துக்கும் கட்டுப்பட்டதல்ல, அதை நான் வாங்கமாட்டேன்.

மாற்று பில்ரர் பெரும்பாலும் தோற்பது விளிம்பில். சட்டம் கொஞ்சம் சின்னதாக இருந்தாலோ, சுற்றியுள்ள பஞ்சுப் பட்டி மெல்லியதாக இருந்தாலோ காற்று அந்த இடுக்கால் சுற்றிப் போய்விடும். அதன்பிறகு எச்13 என்று எழுதியிருந்து என்ன பயன்? போட்டுச் சில கிழமைக்குப் பிறகு கழற்றிப் பாருங்கள். சுத்தமாக இருக்கவேண்டிய பக்கத்தின் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால் அது ஒழுகுகிறது.

இரண்டாவது சிக்கல் கரி. பக்கத்து வளவில் காவோலையோடு பொலித்தீனையும் சேர்த்துக் கொளுத்தும்போது வரும் மணம் வாயு. அதை ஹெபா பிடிக்காது, வாயுக்களை உறிஞ்சும்படி பதப்படுத்திய செயற்படுத்திய கரிதான் (activated carbon) பிடிக்கும். மலிவான பில்ரர்களில் கரி பூசிய மெல்லிய ஸ்பொஞ்ச் ஒன்றே இருக்கும். அது கெதியில் நிறைந்துவிடும். கரிமணிகள் நிரப்பிய, கையில் எடுத்தால் பாரம் தெரிகிற பில்ரரைத் தேடுங்கள். எங்கள் ஊருக்கு இது முக்கியம்.

ஷியோமி போன்ற சில இயந்திரங்கள் பில்ரரில் இருக்கும் மின்னணு அடையாளத்தை வாசிக்கும். அது இல்லாத பில்ரரைப் போட்டால் எச்சரிக்கை காட்டிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் தொய்வுக்காரரோ கைக்குழந்தையோ இருந்தால் காசைப் பார்க்காமல் கொம்பனி பில்ரரையே போடுங்கள், படுக்கையறை இயந்திரத்துக்கு முதலில். விறாந்தைப் பக்கத்து அறைக்கு, விளிம்பு இறுக்கமாகவும் கரி பாரமாகவும் உள்ள மாற்று பில்ரர் போதும். எதை வாங்கினாலும் கார்த்திகைக்கு முன்னர் வாங்கி வையுங்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரத்தில் வடக்கிலும் காற்று மாசடைந்து, நாடு முழுக்கப் பாடசாலைகளை ஒருநாள் மூடினார்கள். அப்படியொரு நாளில் பார்சல் வரும்வரை காத்திருக்க முடியாது. ஆனால் உறையைப் பிரிக்காமல் வையுங்கள். திறந்து வைத்தால் கரி சும்மா இருந்தே மணங்களை உறிஞ்சத் தொடங்கிவிடும்.

கழற்றிய பழைய பில்ரரைத் தட்டாமல் பையில் போட்டுக் கட்டி, குப்பை எடுக்க வருபவர்களிடம் கொடுங்கள். வளவில் போட்டுக் கொளுத்தவேண்டாம்; அது பெரும்பாலும் பிளாஸ்ரிக் இழை.