பெரெண்ட்சனா, பரினெல்லோ–ரஹ்மானா, சி-ரீஸ்கேலா? பேரோஸ்டாட் தேர்வு

மூலக்கூறுகளின் அசைவைக் கணினியில் கணக்கிடும் சிமுலேஷனை முதன்முறை ஓட்டிவிட்டு அழுத்த வரைபடத்தைத் திறக்கும் மாணவர் பதறிப்போவார். 2,000 நீர் மூலக்கூறுகள், கேட்டது 1 பார் அழுத்தம். திரையில் −230, அடுத்த வரியில் +310. பேரோஸ்டாட் (மூலக்கூறுகள் இருக்கும் பெட்டியின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கணக்கு முறை) வேலை செய்யவில்லை என்று நினைத்து அதை இன்னும் இறுக்குவார். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

216 நீர் மூலக்கூறுகள் உள்ள சின்னப் பெட்டியில் 500–600 பார் ஆட்டம் சர்வ சாதாரணம். மூலக்கூறுகளின் எண்ணிக்கை கூடக் கூட ஆட்டம் குறையும்தான், ஆனால் வர்க்கமூல விகிதத்தில். 21,600 மூலக்கூறுகள் போட்டாலும் 50–60 பார் இருக்கும். நீர் எளிதில் அமுங்காது. மூலக்கூறுகள் துளி நெருங்கினாலே விசை எகிறிவிடும். எந்தப் பேரோஸ்டாட்டைப் போட்டாலும் இந்த ஆட்டம் போகாது. பேரோஸ்டாட் கையில் எடுப்பது பெட்டியின் கன அளவைத்தான். அதனால் தலைப்பில் உள்ள மூன்று பேரோஸ்டாட்களையும் ஒப்பிடும்போது கன அளவு எப்படி ஏறி இறங்குகிறது என்று பாருங்கள்.

பெரெண்ட்சன் (1984) பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கியும் விரித்தும் அழுத்தத்தை இலக்கை நோக்கி நகர்த்தும். தொடக்கம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் சமாளிக்கும். சராசரி அடர்த்தியும் சரியாக வரும். ஆனால் கன அளவின் இயல்பான ஏற்ற இறக்கத்தை அமுக்கிவிடும். அந்த ஓட்டத்திலிருந்து அமுக்கத்தன்மையை (அழுத்தினால் எவ்வளவு சுருங்கும் என்பதை) கணக்கிட்டால் விடை தப்பு.

எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்க வேண்டும் என்பதைக் கையாலேயே கணக்கிடலாம். போல்ட்ஸ்மன் மாறிலி, வெப்பநிலை, அமுக்கத்தன்மை, சராசரி கன அளவு நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 300 கெல்வினில் அந்த 216 மூலக்கூறுப் பெட்டியின் கன அளவு சுமார் 6.5 கன நானோமீட்டர், அது 0.11 கன நானோமீட்டர் அளவுக்கு ஆட வேண்டும். உங்கள் ஓட்டத்தில் இதைவிட வெகுவாகக் குறைந்தால் பேரோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள்.

பரினெல்லோ–ரஹ்மான் (1981) இந்த ஏற்ற இறக்கத்தைச் சரியாகத் தரும். (இந்த ரஹ்மான், ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான், 1964இல் 864 ஆர்கான் அணுக்களை வைத்துத் திரவத்தைக் கணினியில் ஓட்டியவர்.) இதில் பெட்டிக்கே நிறை உண்டு, அதனால் ஊஞ்சல் போல் அலையும். சமநிலைக்கு வராத பெட்டியில் நேரடியாகப் போட்டால் அலைச்சல் பெருகி ஓட்டமே நின்றுபோகும்.

சி-ரீஸ்கேல் (2020, பெர்னெட்டி, புஸ்ஸி) என்பது பெரெண்ட்சன் முறையோடு சரியான அளவு தற்செயல் உதைப்பைச் சேர்த்தது. நிதானமும் உண்டு, ஏற்ற இறக்கமும் சரி. குரோமாக்ஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளில் 2021 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. சமநிலைப்படுத்தலுக்கும் முதன்மை ஓட்டத்துக்கும் ஒன்றே போதும். நீர், புரதம் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் போடுவேன். பெரெண்ட்சனைப் புதிதாக யாரும் தொடத் தேவையில்லை.

படிகத்தில் பெட்டியின் வடிவமே மாற வேண்டும் என்றால் பரினெல்லோ–ரஹ்மான் பக்கம் போகலாம். அது பிறந்ததே அதற்காகத்தான். அப்போதும் முதலில் சி-ரீஸ்கேலில் ஓட்டி அடர்த்தி நிலைத்த பிறகு, இணைப்பு நேரத்தை (பேரோஸ்டாட் எவ்வளவு வேகமாகத் திருத்துகிறது என்பதைக் குறிப்பது) 5 பிகோசெகண்டுபோலத் தாராளமாக வைத்து மாறுங்கள்.