பிள்ளைகள் ஏறி ஓட்டும் பெக்கோவும் டிப்பரும்: மண் முற்றத்தில் நாலு வருடம்

எங்கள் ஒழுங்கையில் பெக்கோ, அதாவது மண் கிண்டும் இயந்திரம், வேலை செய்த நாட்களில் மூத்தவனுக்குச் சாப்பாடு கொடுப்பது லேசாக இருந்தது. மதகடியில் கொண்டுபோய் நிறுத்தினால் போதும், வாளி கிரவலை அள்ளி டிப்பருக்குள் கொட்டுவதைப் பார்த்தபடியே கோப்பையை முடித்துவிடுவான். அப்போது அவனுக்கு மூன்று வயது. அந்த ஆசைக்காக 2021 கடைசியில் தொடங்கி இதுவரை, பிள்ளைகள் ஏறி இருந்து ஓட்டக்கூடிய பெரிய விளையாட்டு வாகனங்கள் மூன்று வாங்கிவிட்டோம். இலங்கையில் வன்னியின் மாங்குளத்துப் பக்கத்து வெயிலிலும் மாரியிலும் அவை எப்படித் தாக்குப்பிடித்தன என்பதை, வாங்க யோசிக்கிற பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது பற்றரியில் ஓடும் பெக்கோ. 12 வோல்ற், 7 அம்பியர்-மணி ஈயப் பற்றரி, லைற், ஹோன், பாட்டு எல்லாம் இருந்தது. மூன்றிலும் விலை கூடியது இதுதான், முதலில் போனதும் இதுதான். வழுவழுப்பான பிளாஸ்ரிக் சில்லு சீமெந்துத் தரையில் பிடித்தது, முற்றத்து மண்ணில் நின்ற இடத்திலேயே சுற்றியது. மணல் பல்சில்லுப் பெட்டிக்குள் போய்க் கறகறவென்று சத்தம் போட ஆரம்பித்தது. அப்புறம் 2022 வந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு; இந்தப் பற்றரி முழுதாக ஏற எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அரைகுறையாக ஏற்றி ஏற்றி ஓட்டிவிட்டு, சார்ஜ் இறங்கியபடியே மாரி முழுக்க விறாந்தை மூலையில் விட்டுவிட்டோம். ஈயப் பற்றரியைக் கொல்ல அதுவே போதும். உள்ளே தகடுகளில் சல்பேற் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. ஓடாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை ஏற்றி வைத்திருக்க வேண்டும். அதே அளவுப் பற்றரி கணினி யூபிஎஸ்ஸுக்கும் வருவதால் தேடி வாங்குவது கஷ்டமில்லை, ஆனால் பல்சில்லும் தேய்ந்த பிறகு பற்றரி மட்டும் மாற்றிப் பலன் இல்லை. சீமெந்து முற்றம் உள்ளவர்கள் வாங்கலாம், மண் முற்றத்துக்கு வேண்டாம்.

இரண்டாவது, காலால் உந்தி ஓட்டும் மஞ்சள் டிப்பர். பற்றரி இல்லை, மோட்டார் இல்லை. உடம்பு முழுவதும் உள்ளே வெறுமையாக ஒரே வார்ப்பாகச் செய்தது, பொருத்து இல்லாததால் பெட்டிக்குள் ஒன்று, இருக்கையில் ஒன்று என்று பிள்ளைகள் ஏறிக் குதித்தும் பிளக்கவில்லை. ஆனால் எட்டாம் மாதம் பின் சில்லு கழன்று உருண்டது. பார்த்தால் அச்சு என்று இருந்தது ஈர்க்கு மாதிரி ஒரு கம்பி, நுனியில் அடித்து இறுக்கிய ஒரு தகர மூடி, அவ்வளவுதான். வெல்டிங் கடையில் 10 மில்லிமீற்றர் கம்பி வெட்டி, இரண்டு பக்கமும் துளைபோட்டு, வாசரும் கொட்டர் பின்னும் போட்டுத் தந்தார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை கழரவில்லை. ஆகவே கடையில் வாகனத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். அச்சு எவ்வளவு தடிப்பு, சில்லை எது பிடித்திருக்கிறது என்று பார்த்தாலே பாதிக் கதை விளங்கிவிடும். கவிழ்க்கும்போதே எத்தனை கிலோ தாங்கும் என்று அடியில் போட்டிருப்பதையும் வாசியுங்கள். எங்களுடையதில் 30 கிலோ. ஐந்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் ஏறினாலே அந்தக் கணக்கு முடிந்துவிடும். வாகனம் ஒன்று இருக்கும் வீட்டில் எப்போதும் இரண்டு பேர்தான் ஏறுவார்கள்.

இன்னொன்று வெயில். மூன்றாம் வருடம் டிப்பரின் பெட்டியை விரலால் தடவினால் மஞ்சள் மா மாதிரிக் கையில் ஒட்டியது. வெயில் பிளாஸ்ரிக்கை மேலிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், அதன் பிறகு சட்டென்று வெடிக்கும், வெடித்த விளிம்பு தொடையைக் கிழிக்கும். கறுப்புச் சில்லுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கறுப்பு நிறத்துக்குக் கலக்கும் கரித்தூள்தான் வெயிலைத் தடுக்கிறது, வீட்டுக்கு வைக்கும் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி வருடக்கணக்கில் நிற்பதும் அதனால்தான். இப்போது டிப்பரை விளையாடி முடிந்ததும் வேம்புக்குக் கீழே தள்ளிவிடுகிறோம்.

மூன்றாவதான, கையால் இயக்கிக் கிண்டும் இரும்புப் பெக்கோதான் எனக்குப் பிடித்தது. இரும்புச் சட்டத்தில் இருக்கை, இரண்டு நெம்புகோல், ஒன்று கையைத் தூக்கும், மற்றது வாளியை மடக்கும். இருந்த இடத்திலேயே முழு வட்டம் சுற்றலாம். மூத்தவன் முதல் நாள் வெறும் காற்றை அள்ளினான். ஒரு கிழமையில், இடது கையால் தாழ்த்திக்கொண்டே வலது கையால் மடக்கினால்தான் வாளி நிறையும் என்று தானாகவே கண்டுபிடித்துவிட்டான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு அவன் அதைச் செய்து பழகிய அந்த மத்தியானத்துக்காகவே கொடுத்த காசு தகும்.

ஆனால் இதில் விரல் நசுங்கும். பெக்கோவின் கை மடங்கும் மூட்டில் 5 மில்லிமீற்றர் கம்பி ஒன்றை விட்டுப் பாருங்கள். கம்பி போகவே கூடாது, அல்லது உங்கள் சின்னவிரல் தாராளமாகப் போய்வர வேண்டும். இரண்டுக்கும் நடுவிலான இடைவெளிதான் பிள்ளையின் விரலை உள்ளே எடுத்து நசுக்கும். பொம்மைப் பாதுகாப்பு விதிகளிலும் இப்படித்தான், 5 மில்லிமீற்றர் கம்பி போகிற இடத்தில் 12 மில்லிமீற்றர் கம்பியும் போக வேண்டும் என்று இருக்கிறது. நட் எல்லாவற்றையும் லொக் நட்டாக, அதாவது அதிர்ந்தாலும் லேசில் கழராத நட்டாக, மாற்றினேன். பெயின்ற் உரிந்த இடத்தில் முதல் மாரியிலேயே கறள் பிடித்தது, அரத்தாள் போட்டு மறுபடி பூசினோம். மத்தியானம் இரும்பு இருக்கை சுடும், ஒரு சாக்கை மடித்துப் போடுங்கள்.

போர் நடந்த வன்னியில் இருந்துகொண்டு சொல்லாமல் விட முடியாத ஒன்று உண்டு. கிண்டும் பொம்மை வாங்கிக் கொடுத்தால் பிள்ளை கிண்டும். காணியின் பின்பக்கம், பற்றை ஓரம், பழைய பங்கர் இருந்த இடம் என்று எதையும் விடாது. 2017இல் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, எவ்வளவோ இடம் துப்புரவாகிவிட்டது, வேலை இன்னும் நடக்கிறது. எங்கள் வீட்டில் சட்டம் ஒன்றுதான்: வாளி மணல் குவியலை விட்டு வெளியே வராது. அதற்காகவே அரை லோட் மணல் பறித்து, அரித்து, நாலு பனங்குற்றியால் மறித்துக் கொட்டியிருக்கிறோம். இரும்புத் துண்டு எதைக் கண்டாலும் தொடாமல் வந்து சொல்ல வேண்டும் என்று மூன்று வயதிலேயே பழக்கினோம். இதற்கு இடம் ஒதுக்க முடியாதவர்கள் கிண்டும் வாகனத்தை விட்டு டிப்பரை வாங்குங்கள்.

குவியலை மறிக்க முதலில் பழைய ட்ராக்டர் ரயர்தான் பார்த்தேன். அதற்குள் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு வரும் என்று விட்டேன். அதே பயம் வாளிக்கும் பெட்டிக்கும் உண்டு, ஒரு கிழமை, பத்து நாள் தண்ணீர் நின்றால் நுளம்புக்குப் போதும். இரண்டிலும் அடியில் துளை போட்டுவிட்டேன். வெறுமையான உடம்புக்குள் மட்டத்தேளும் இருக்கும், காலையில் ஒருமுறை தட்டிக் கவிழ்த்த பிறகுதான் ஏற விடுவோம்.

இப்போது மூத்தவனுக்கு முழங்கால் நெம்புகோலில் இடிக்கிறது. டிப்பர் சின்னவளிடம் நிற்கும், இரும்புப் பெக்கோ வாற மாதம் மல்லாவிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போகிறது. கூடப் போட்டுவிட இரண்டு லொக் நட்டும் ஒரு போல்ட்டும் சின்னப் பையில் கட்டி நெம்புகோலில் தொங்கவிட்டிருக்கிறேன்.